வீடு தருகிறார்கள், மனை யாருடையது?

(குடிசைப்பகுதி இளைஞர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான வீட்டுவசதிக் கொள்கையில் பங்குதாரர்கள்'. இந்தத் தலைப்புல ரெண்டு வார்த்தையோட எனக்குச் சண்டை இருக்கு. ஒண்ணு 'பங்குதாரர்'. இன்னொண்ணு 'குறைந்த வருவாய்'. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்த்துட்டா நான் சொல்ல வந்ததுல பாதி முடிஞ்சிடும்.

பங்குதாரர் என்பது 'ஸ்டேக்ஹோல்டர்' என்கிற சொல்லுக்கு அதிகாரிகள் போட்ட தமிழ். வீட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தால் 'பங்குதாரர்கள் கலந்தாய்வு' என்று ஒரு கூட்டம் போடுகிறார்கள். யார் யார் வருவாங்க? வாரியம், வருவாய்த்துறை, மாநகராட்சி, கடன் கொடுக்கிற வங்கி, கட்டுநர் சங்கம், ஆலோசனை நிறுவனம், தொண்டு நிறுவனம். எல்லாருக்கும் நாற்காலி உண்டு, எதிரில் பெயர்ப்பலகை உண்டு. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிற பெண்ணுக்கு அங்கே என்ன பெயர்? பயனாளி. பயனாளிக்குப் பட்டியலில் பெயர் இருக்கும், மேசையில் இடம் இருக்காது. வேடிக்கை என்னன்னா, அந்தப் பயனாளி கட்ட வேண்டிய பணத்துக்கு 'பயனாளி பங்குத்தொகை' என்று பெயர். வாரியத்தின் அடுக்குமாடி வீட்டுக்குச் சென்னையிலேயே ஒன்றரை லட்சம் வரை கேட்டிருக்கிறார்கள். பங்குத்தொகை கட்டுகிறவர் பங்குதாரர் இல்லை. கட்டாதவர்கள் எல்லாம் பங்குதாரர்கள். இந்தக் கணக்கு எனக்குப் புரியலை தோழர்களே.

அடுத்து 'குறைந்த வருவாய்'. வீடு இல்லாததுக்குக் காரணம் காசு இல்லாததுதான் என்று இந்த வார்த்தை சொல்லாமல் சொல்கிறது. காசு இல்லை என்பது உண்மை. அது மட்டுமே காரணமா? 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போன அம்பேத்கரை நினைச்சுப் பாருங்க. கொலம்பியாவில் படித்தவர், லண்டனிலிருந்து வந்து இறங்கியவர், சம்பளம் வாங்கும் அதிகாரி. பரோடா நகரத்தில் அவருக்கு ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு ஒரு கும்பல் வந்து நின்று அவரைக் காலி பண்ண வைத்தது. தெரிந்த நண்பர்களும் வீட்டில் இடம் கொடுக்கவில்லை. பூங்காவில் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அவரை நீங்கள் எந்த வருவாய்ப் பிரிவில் சேர்ப்பீர்கள்?

அது நூறு வருஷத்துக்கு முந்தின கதை என்று நினைக்க வேண்டாம். விடுதியை விட்டு வெளியே வந்து சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள். 'சைவம் மட்டும்' என்று பலகை தொங்கும். அது வெறும் சாப்பாட்டு விஷயம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அட்வான்ஸ் பேசி முடித்த பிறகு 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்பார்கள். அதற்கப்புறம் 'ஊர்லேருந்து சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு இப்போதைக்கு இல்ல' என்பார்கள். எனக்கே மூன்று தெருக்களில் இது நடந்திருக்கு. மூன்று முறையும் அட்வான்ஸ் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஆகவே வருவாய்க் கணக்கை மட்டும் வைத்துப் போடுகிற கொள்கை சாதிக் கணக்கை மறைத்துவிடுகிறது. மறைக்கும்போது என்ன நடக்கிறது என்பதைத் திட்டத்துக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம்.

2012-ல் ஒன்றிய அரசு அமைத்த வல்லுநர் குழு, நகர்ப்புற இந்தியாவில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று கணக்குச் சொன்னது. அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் வேண்டிய வீடுகள். அதற்கு முந்தின ஆண்டு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 1 கோடியே 10 லட்சம். ஒரு பக்கம் ஆளில்லாத வீடு, ஒரு பக்கம் வீடில்லாத ஆள். கட்டினால் மட்டும் தீர்ந்துவிடும் பிரச்சினை இல்லை என்பதற்கு இது போதும்.

2015-ல் 'அனைவருக்கும் வீடு' என்று பிரதமர் வீட்டுவசதித் திட்டம் நகரங்களுக்கு வந்தது. நாலு வழி வைத்தார்கள். முதல் வழி, சொந்த மனையில் தானே கட்டிக்கொள்வது. ஒன்றிய அரசு ஒன்றரை லட்சம் தரும். அதுக்கு மனை வேணும், மனைக்குப் பட்டா வேணும். இரண்டாவது வழி, வங்கிக் கடனுக்கு வட்டி மானியம். அதுக்குக் கடன் கிடைக்கணும், கடனுக்குச் சம்பளச் சீட்டு வேணும். ஒப்பந்தத்தில் குப்பை அள்ளுகிற அம்மாவிடம், கட்டிட வேலைக்குப் போகிற அண்ணனிடம் வங்கிக்காரர் ஏற்கிற சம்பளச் சீட்டு ஏது? மூன்றாவது வழி, குடிசைப்பகுதி இருக்கிற நிலத்தையே மூலதனமாக வைத்துத் தனியார் கட்டுநர் மூலம் அங்கேயே வீடு கட்டுவது. நிலம் மூலதனம் என்று அவர்களே எழுதுகிறார்கள். சேற்றையும் முள்ளையும் கொத்தி மண் கொட்டி மேடாக்கி மூன்று தலைமுறை குடியிருந்து அந்த நிலத்துக்கு விலை உண்டாக்கியது யார்? பங்குதாரர் ஆனது யார்? நாலாவது வழி, அரசும் தனியாரும் சேர்ந்து கட்டும் மலிவு விலை வீடு. நமக்குத் தமிழ்நாட்டில் அது வாரிய அடுக்குமாடி. பட்டா இல்லாதவர்களுக்கும் சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கும் கடைசியில் திறக்கிற கதவு இது ஒன்றுதான். அந்தக் கதவு எங்கே இருக்கு? ஊருக்கு வெளியே, 20, 25 கிலோமீட்டர் தள்ளி.

கிராமத்துத் திட்டத்தில் 60 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் என்று இந்திரா குடியிருப்புத் திட்டக் காலத்திலிருந்தே ஒதுக்கீடு இருக்கு, உண்மை. அந்த 60-க்குள் வருவதற்கும் காலடியில் மனை வேணும். எல்லா வழியும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. வீடு என்பது மேலே இருக்கிற சுவரும் கூரையும். கீழே இருக்கிற மண் யார் பெயரில் இருக்கோ அவர்தான் பங்குதாரர். இதுதான் நான் இன்னைக்குச் சொல்ல வந்தது.

இது புதுசா நான் கண்டுபிடிச்சது இல்ல. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போது அந்த அறிக்கையைச் சொல்வோம். 1892-ல் அரசாணை வந்தது, சுமார் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டது என்று சொல்வோம். அதே அறிக்கையில் குடியிருக்கும் மனை பற்றியும் இருக்கு, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. சேரி இருந்த இடம் மிராசுதாரர்களின் பிடியில் இருந்தது. கூலி உயர்த்திக் கேட்டால், வேறு பண்ணைக்குப் போனால், வீட்டைக் காலி பண்ணு என்பார்கள். அடிப்பதற்குச் சாட்டை தேவைப்படவில்லை, குடிசையே சாட்டையாக இருந்தது. அதனால்தான் 1920-ல் தொழிலாளர் நலனுக்கென்று வெள்ளை அரசு ஒரு துறை தொடங்கியபோது, அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு வீட்டுமனை வாங்கித் தருவதாக இருந்தது. மனை கொடுத்தால் ஆள் கையைவிட்டுப் போயிடுவான் என்று மிராசுதாரர்கள் எதிர்த்தார்கள். அவர்களுக்கு அன்றைக்கே விஷயம் புரிந்திருந்தது.

1968 டிசம்பர் 25, வெண்மணி. 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலிப் போராட்டத்துக்கு ஆதிக்கம் கொடுத்த பதில் குடிசைமேல்தான் விழுந்தது. அதற்கப்புறம் 1971-ல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. 1971 ஜூன் 19 அன்று நிலவுடைமையாளரின் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்று சட்டம் சொன்னது. இனிமேல் 'காலி பண்ணு' என்று பண்ணையார் சொல்ல முடியாது. தஞ்சைப் பகுதியில் அதன் மதிப்பு என்ன என்று அங்கே இருக்கிற பெரியவர்களைக் கேளுங்கள்.

அதே 1971-ல் இன்னொரு சட்டமும் வந்தது. குடிசைப்பகுதிகள் மேம்பாடு, அகற்றுதல் சட்டம். அதற்கு முந்தின ஆண்டுதான் குடிசைமாற்று வாரியம் ஆரம்பித்திருந்தார்கள். ஒரே அரசு, ஒரே ஆண்டு, ரெண்டு சட்டம். கிராமத்துத் தொழிலாளிக்கு மனையைச் சொந்தமாக்கியது ஒன்று. நகரத்துத் தொழிலாளிக்கு வீடு கட்டித் தருகிறேன், மண் என்னிடமே இருக்கட்டும் என்றது இன்னொன்று. இன்றைக்குக் கண்ணகி நகரில் நிற்கிற சிக்கலுக்கு வேர் இங்கேதான் இருக்கு.

வாரியத்தைக் குறை மட்டும் சொல்ல நான் வரலை. 1970-களில் வாரியம் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புக் கட்டியது. நொச்சிக்குப்பத்து மீனவர் கடலைவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. அப்புறம் 1977-லிருந்து உலக வங்கிக் கடனில் மனையும் அடிப்படை வசதியும் தரும் திட்டம் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பக்கம் போனால் இன்றும் அந்த மனைகளைப் பார்க்கலாம். போட்ட பணம் திரும்பி வரணும் என்பது உலக வங்கியின் கணக்கு. அதில் தவணை கட்ட முடியாதவர் விழுந்தார். ஆனாலும் இருந்த இடத்தில் இருக்கலாம், மண்ணுக்கு உரிமை கேட்கலாம் என்கிற பேச்சாவது அப்போது இருந்தது.

சட்டத்தின் கீழ் ஒரு பகுதியைக் குடிசைப்பகுதி என்று அறிவித்தால்தான் அங்கே இருப்பவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு. 1971-ல் சென்னையில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-ல் 17 பகுதிகளைச் சேர்த்தார்கள். அதோடு சரி. 1985-க்குப் பிறகு புதிதாக ஒன்றைக்கூட அறிவித்ததில்லை. 2011 கணக்கெடுப்பில் சென்னையில் பத்துப் பேரில் கிட்டத்தட்ட மூன்று பேர் குடிசைப்பகுதியில் இருந்தார்கள். அறிவிக்கப்படாத பகுதியில் இருப்பவர்களுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'ஆக்கிரமிப்பாளர்'. ஒரு கையெழுத்துப் போடாமல் விட்டதன் மூலமே லட்சக்கணக்கானவர்களை ஆக்கிரமிப்பாளராக்க முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதற்கு ஜே.சி.பி. கூடத் தேவையில்லை. அது பிறகு வரும்.

வந்தது. 2000-லிருந்து கண்ணகி நகர், 15,656 வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, 6,764 வீடுகள். சுனாமியில் வீடு போனவர்களையும் அங்கே கொண்டுபோனார்கள். பிறகு பெரும்பாக்கம், எட்டு அடுக்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டம். கூவம் கரை, அடையாறு கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்து லாரிகளில் சாமான்களோடு கொண்டுபோய் இறக்கினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது வேகமெடுத்தது. ஆற்றங்கரை ஆபத்து, உங்கள் நன்மைக்குத்தான் என்றார்கள். கொண்டுபோய் விட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கம். மழை பெய்தால் செம்மஞ்சேரியில் தண்ணீர் நிற்பதை ஒவ்வொரு வருஷமும் செய்தியில் பார்க்கிறீர்கள். பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் ஓட்டலாம், அது வளர்ச்சி. கரையில் ஓலை போட்டால் ஆக்கிரமிப்பு.

வீடு என்றால் என்ன என்று கட்டுநருக்கு ஓர் அர்த்தம், நமக்கு ஓர் அர்த்தம். நமக்கு வீடு என்பது வேலைக்குப் பக்கம் இருப்பது. பூ கட்டி விற்கிற அக்காவுக்குக் கோயில் வாசல் பக்கம் வேணும். வீட்டு வேலைக்குப் போகிறவர் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்கணும். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை, நல்ல விஷயம். காசு மிச்சமாகுது, போக வர மூணு மணி நேரம் மிச்சமாகலை. வருஷ நடுவில் காலி பண்ணினதால் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று அங்கே தெருத் தெருவாகக் கேட்டால் தெரியும். எட்டாவது மாடியில் லிப்ட் நின்றுபோனால் வயசானவர்கள் கீழே இறங்குவதில்லை. வேலைக்கு மனுப்போட்டால் முகவரியைப் பார்த்துவிட்டு 'கண்ணகி நகரா?' என்று ஓர் இழுப்பு இழுக்கிறார்கள். அந்த இழுப்பு நமக்குப் பழசு. 'காலனியா?' என்று கேட்கிற அதே இழுப்புதான். ஊருக்குக் கிழக்கே சேரி என்று போட்ட வரைபடத்தை நகரத்துக்குத் தெற்கே பெரிசாகப் போட்டிருக்கிறார்கள், கான்கிரீட்டில். எல்லாரும் தலித்துகள் இல்லை. மீனவர் உண்டு, சிறுபான்மையினர் உண்டு, மற்ற சாதி ஏழைகளும் உண்டு. அங்கே போனதும் எல்லாரும் சேரிக்காரர்களாக நடத்தப்படுகிறார்கள். சாதி ஆளை மட்டும் பிடிப்பதில்லை, இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

கட்டின லட்சணத்தையும் சொல்லணும். 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புது அடுக்குமாடியில் கையால் தடவினாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ஐ.ஐ.டி.யை வைத்து ஆய்வு செய்ய வேண்டி வந்தது. பங்குதாரர் பட்டியலில் ஒப்பந்ததாரருக்கு இடம் இருக்கு. சுவரைத் தடவிப் பார்க்கிற கைக்குத்தான் இடம் இல்லை.

இப்போது பங்குதாரர் பட்டியலில் எழுதப்படாத ஒருவரைப் பற்றிச் சொல்லணும். அவர்தான் பெரிய பங்குதாரர். ஆதிக்க சாதி.

1995 ஆகஸ்டு 31, கொடியங்குளம். காவல்துறை உள்ளே புகுந்து அடித்தது. அடித்து நொறுக்கியதில் டி.வி. இருந்தது, மின்விசிறி இருந்தது, வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சாமான்கள் இருந்தன. 2012 நவம்பர் 7, தருமபுரி. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250 வீடுகளுக்கு மேல் சூறையாடி எரித்தார்கள். பெங்களூர் போய் உழைத்துக் கட்டிய காரை வீடுகள் அவை. பீரோவை உடைத்தார்கள், வண்டியைக் கொளுத்தினார்கள், படிச்ச சான்றிதழ்களும் எரிந்தன. காதல் திருமணம் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் எரிந்தது என்ன என்று பார்த்தால் அவர்களுக்கு எது உறுத்தியது என்று புரியும். வெண்மணியில் ஓலைக் குடிசை எரிந்தது. நத்தத்தில் கான்கிரீட் வீடு எரிந்தது. அப்படியென்றால் கான்கிரீட் மட்டும் பாதுகாப்பு இல்லை. வீட்டுக் கொள்கை பேசுகிற எந்த ஆவணத்திலாவது இந்த ரெண்டு ஊர் பெயரைப் பார்த்திருக்கிறீர்களா? புயல் தாங்கும் வீடு, நிலநடுக்கம் தாங்கும் வீடு என்றெல்லாம் எழுதுகிறார்கள். சாதி தாங்கும் வீடு என்று யாரும் வரைபடம் போடவில்லை.

கலவரம் செய்யாத நாளிலும் ஆதிக்க சாதி வீட்டுக் கொள்கையில் பங்கெடுக்கிறது. எப்படி? நீதிமன்றம் வழியாக. ஆதிதிராவிடருக்கு வீட்டுமனை வழங்க நிலம் கையகப்படுத்தத் தமிழ்நாட்டில் 1978-லிருந்து தனிச் சட்டம் இருக்கு. நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் 1994-ல் பெரும்பாலும் செல்லும் என்று சொல்லும்வரை அது இழுத்தது. 2013-ல் ஒன்றியத்தின் புதிய நிலம் எடுப்புச் சட்டம் வந்ததும் மறுபடி சிக்கல். 2019-ல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு இந்தச் சட்டத்தையும் சேர்த்துத் தட்டியது. மாநில அரசு அதே ஆண்டு உயிர்ப்பிக்கும் சட்டம் போட்டது, 2021-ல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. கேட்டது என்ன? குடும்பத்துக்கு மூணு சென்ட். மூணு சென்ட்டுக்கு நாற்பது வருஷ வழக்கு. நெடுஞ்சாலைக்கும் ஆலைக்கும் நூற்றுக்கணக்கான ஏக்கர் எடுக்கும்போது 'பொதுநோக்கம்' என்ற ஒரு சொல் போதும். நம் குடியிருப்பு பொதுநோக்கம்தானா என்பதை மட்டும் திரும்பத் திரும்ப நிரூபிக்கணும்.

வழக்கெல்லாம் முடிந்து பட்டா கையில் வந்துவிட்டது என்று வையுங்கள். நான் மனு எழுதிக் கொடுக்கப் போகிற ஒரு காலனியில் பட்டா கொடுத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எடுத்துக் காட்டுவார்கள், மந்திரி கையால் வாங்கின போட்டோவும் கூடவே இருக்கும். மனை எங்கே என்றால் தெரியாது. அளந்து கல் நட்டுக் கொடுக்கவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் கணக்கில் ஏறவில்லை என்கிறார்கள். சர்வேயரைக் கேட்டால் உத்தரவு வரட்டும் என்கிறார். அந்த நிலத்தில் இப்போது யாரோ நெல் விதைக்கிறார்கள். யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: 'ஏம்ப்பா, இந்தக் காகிதத்த விரிச்சுப் போட்டுப் படுத்துக்கவா?' இந்த மக்களும் அரசுக் கணக்கில் 'பயனடைந்தோர்'. பங்குதாரர் கலந்தாய்வில் திரையில் காட்டுகிற எண்ணிக்கைக்குள்ளே இவர்களும் இருக்கிறார்கள்.

வேறு மாதிரி யோசித்ததே இல்லையா என்றால், யோசித்திருக்கிறார்கள். 1974-ல் தாட்கோவை ஆரம்பித்தபோது அதன் வேலை ஆதிதிராவிடருக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டுவதாக இருந்தது. குடிசைதான் முதலில் கொளுத்தப்படும் என்பது அரசுக்குத் தெரிந்தே இருந்தது. 1997-ல் சமத்துவபுரம் அறிவித்தார்கள். நூறு வீடு, நாற்பது தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, பத்து மற்றவர்களுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதும் வீட்டுக் கொள்கைதான் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது அங்கே. அதை நான் மதிக்கிறேன். ஆனால் சமத்துவபுரம் ஊருக்கு வெளியே ஒரு புது ஊர். பழைய ஊரின் தெருவில் ஒரு தலித் குடும்பம் மனை வாங்க முடியுமா என்ற கேள்வி அப்படியே இருந்தது. ஊரும் சேரியும் பக்கத்திலேயே முன்பு போலவே இருந்தன. 1942-ல் நாக்பூர் மாநாட்டில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குடியேற்றம் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்களே, அம்பேத்கர் அதன் பின்னால் நின்றாரே, ஏன்? ஊரின் விளிம்பில், ஊரை நம்பி, ஊருக்கு அடங்கி இருக்கிற இருப்பே அடிமைத்தனத்துக்கு அடித்தளம் என்று அவர் பார்த்தார். அங்கேயும் அவர் கேட்டது கூரையை அல்ல. நிலத்தோடு சேர்ந்த குடியிருப்பை.

இப்போது காலம் மாறியிருக்கு. 2020-ல் தமிழ்நாட்டின் வீட்டுத்துறைக்கு உலக வங்கி கடன் ஒப்புக்கொண்டது, 2021-ல் ஆசிய வளர்ச்சி வங்கி. அதே 2021-ல் குடிசைமாற்று வாரியம் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆனது. 2024-ல் ஊரகத்துக்குக் கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி, மூன்றரை லட்சம். பிரதமர் திட்டத்தின் இரண்டாவது சுற்றும் அதே ஆண்டு. பணம் வருகிறது, பெயர் மாறுகிறது. ஆனால் 2022 மே மாதத்தில் ராஜா அண்ணாமலைபுரத்தில் கால்வாய்க் கரை வீடுகளை இடித்தபோது ஒருவர் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் முதலமைச்சர் சட்டமன்றத்தில், பக்கத்திலேயே மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியில் வீடு ஒதுக்குவோம், இனிமேல் மக்களைக் கலந்து பேசித்தான் மறுகுடியமர்வு என்றார். நகரத்துக்குள் வீடு தர முடியாது, இடமே இல்லை என்று இருபது வருஷமாகச் சொன்னார்களே, ஓர் உயிர் போனதும் இடம் எங்கிருந்து வந்தது? இடம் எப்போதும் இருந்தது. நமக்கு இல்லை என்று முடிவு செய்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சரி, என்ன கேட்கப் போகிறோம்? நான் ஐந்து விஷயம் சொல்றேன். விவாதியுங்கள், சேருங்கள், வெட்டுங்கள்.

ஒன்று. குடியிருக்கும் மண்ணுக்கு உரிமை. 1971-ல் பண்ணை நிலத்தில் இருந்தவருக்குக் கொடுத்த சட்டத்தைப் போல நகரத்துப் புறம்போக்கில் இருப்பவருக்கும் ஒரு தேதி வைத்து மனையைச் சொந்தமாக்கு. பெண் பெயரில் கொடு.

இரண்டு. 1985-க்குப் பிறகு நின்றுபோன அறிவிப்பைத் தொடங்கு. அறிவித்த பிறகு இருந்த இடத்திலேயே வீடு கட்டு. உண்மையிலேயே ஆபத்தான இடம் என்றால் அதே வட்டாரத்துக்குள் மாற்று இடம், பள்ளி ஆண்டு முடிந்த பிறகு.

மூன்று. கொடுத்த பட்டாவையெல்லாம் அளந்து கல் நடு, கணக்கில் ஏற்று. புதுத் திட்டம் அறிவிக்கும் முன்னே இதை முடி. பஞ்சமி நிலத்தை மீட்டால் மனைக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. 1994-ல் காரணையில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ரெண்டு தோழர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்தக் கோரிக்கை இன்னும் முடியவில்லை.

நான்கு. வாடகை வீட்டில் சாதி கேட்பதையும் சாதி பார்த்து மறுப்பதையும் தண்டிக்க வழி செய். வீடு இல்லாதவர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். எந்த வீட்டுக் கொள்கையும் அவர்களை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஐந்து. மேசையில் நாற்காலி. இடம் தேர்வு செய்வதற்கு முன்னால், வரைபடம் போடுவதற்கு முன்னால், தமிழில், குடியிருப்பிலேயே கூட்டம். சம்மதிக்க மட்டும் அல்ல, மறுக்கவும் உரிமை. 2024-ல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கு. நம் பெயரில் ஒதுக்குகிற பணம் வீட்டுக்கு எவ்வளவு, மனைக்கு எவ்வளவு, மேம்பாலத்துக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இதையெல்லாம் யாரோ வந்து வாங்கித் தர மாட்டார்கள். மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊர்க் காலனிக்குப் போங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு கேளுங்கள். புலப்பட நகல் வாங்குங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். எந்தப் புல எண்ணில் யார் பெயர் இருக்கு, யார் குடியிருக்கிறார்கள், யார் விதைக்கிறார்கள் என்று மூன்று பத்தியில் எழுதுங்கள். பொறியியல் படிக்கிற தோழர்கள் அளக்கக் கற்றுக்கொடுங்கள், சட்டம் படிக்கிற தோழர்கள் மனு எழுதுங்கள். எழுதினதை அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள், அங்கே இருக்கிற பெண்கள் திருத்துவார்கள். அடுத்த முறை பங்குதாரர் கலந்தாய்வு நடக்கும்போது அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தாள்களோடும் அந்த மஞ்சப்பைப் பாட்டியோடும் போய் உட்காருவோம். யார் நீங்க என்று கேட்டால் பயனாளி என்று சொல்லாதீர்கள். எந்தப் புல எண்ணில் எத்தனை சென்ட் நம்முடையது என்று சொல்லுங்கள்.

ஜெய்பீம்.